அப்பாயியின் ஏழு புடவை, ஒரு ஒட்டுப்போர்வை: எந்த டிசைன், எந்தத் துணி?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பாயிக்கு 84 வயது, இப்போது புடவை கட்ட முடிவதில்லை, நைட்டிதான். போன வாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஏழு பருத்திப் புடவைகளை என் மடியில் போட்டு, "மக்கிப் போறதுக்கு முன்னாடி எதையாவது தைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். மூன்று கண்டாங்கி, அதாவது அரக்கு ஒன்று, கரும்பச்சை ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று. நீலத்திலும் கத்தரிப்பூ நிறத்திலும் இரண்டு சுங்குடி. சந்தன நிறத்தில் சின்னக் கட்டம் போட்ட கைத்தறி ஒன்று. வெளிர் ரோஜாவில் பூப்போட்ட வாயில் (voile) புடவை ஒன்று.

மகள் ஜூலையில் கோவையில் விடுதிக்குப் போகிறாள், அவளுக்கு இதில் ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. ஒற்றைக் கட்டில், 60 அங்குல அகலம், 84 அங்குல நீளம் என்று வைத்திருக்கிறேன். கால் மெஷின் இருக்கிறது, பிளவுஸ் தைப்பேன், போர்வை தைத்ததில்லை. நட்சத்திர டிசைன் ஒன்று மனதில் நிற்கிறது. ஆனால் கிராஃப் தாளில் கலர் பென்சில் வைத்துத் தீட்டிப் பார்த்தால் எல்லாம் சேறு மாதிரி ஒரே அடையாகத் தெரிகிறது. டிசைனை முதலில் முடிவு செய்ய வேண்டுமா, துணியை முதலில் பிரிக்க வேண்டுமா? நடுவில் பஞ்சு வைக்கத்தான் வேண்டுமா? கத்தரியை எடுக்கவே கை வரவில்லை, ஏழையும் வெட்டிவிட்டால் திரும்ப வராதே என்று இருக்கிறது.

தையல்பெட்டி:
கரூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் 14 வருடம் சாம்பிள் பிரிவில் இருந்தேன், மெத்தை விரிப்பும் குஷன் கவரும்தான் வேலை. முதலில் கத்தரி பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு புடவையையும் முழுதாக வெட்டத் தேவையே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தைத்த பிறகு 4 அங்குலம் வருகிற சதுரம் என்றால் அகலத்தில் 15, நீளத்தில் 21, மொத்தம் 315 சதுரம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். புடவையின் கரை போக அகலத்தில் 8 சதுரம் கிடைக்கும். ஐந்தரை மீட்டர் நீளத்தில் 48 வரிசை. ஒரே புடவையில் 384 சதுரம்! உங்களுக்கு ஒவ்வொரு புடவையிலும் முக்கால் மீட்டர் போதும். மிச்சத்தை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம்.

நட்சத்திரத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். முக்கோணம் என்றால் துணியை மூலைவாக்கில் வெட்ட வேண்டும், கிராஸில் வெட்டிய ஓரம் இழுத்த இழுப்புக்கு நீளும், பல வருடம் துவைத்துத் தளர்ந்த பருத்தி என்றால் இஸ்திரிப் பெட்டி பட்டாலே நீளும், அப்புறம் முனைகள் ஒன்றோடொன்று சேராது. சதுரத்தை நூலோட்டம் பார்த்து நேராக வெட்டினால் அந்தத் தொல்லை கிடையாது.

சேறு மாதிரி தெரிவதற்குக் காரணம் நிறம் இல்லை, வெளிச்சம். அரக்கும் கரும்பச்சையும் வேறு வேறு நிறம்தான், ஆனால் இரண்டும் ஒரே அளவு இருட்டு, அதனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றாகிவிடும். ஏழு புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் மடித்து வைத்து, போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது வெளிர், எது அடர், எது நடுவில் என்று அப்போது தெரியும். அதைப் பிரித்த பிறகுதான் டிசைன். துணி சொல்லாத டிசைனைத் தாளில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் போர்வையில் வராது, இதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

சுங்குடிக்காரி:
தையல்பெட்டி அக்கா சொல்வது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. ஏழு புடவையும் வேண்டாம், அந்த வாயிலை எடுத்துவிடுங்கள். கண்டாங்கி கெட்டி நெசவு, வாயில் சல்லடை மாதிரி மெல்லிசு. இரண்டையும் ஒரே தையலில் சேர்த்தால் துவைக்கும்போது கனமான துணி மெல்லிய துணியை இழுத்து, தையல் ஓரத்திலேயே கிழிந்துவிடும். என் அக்கா பிள்ளைக்குத் தைத்த போர்வையில் இப்படித்தான் ஒரு வருடத்துக்குள் வாயில் சதுரங்கள் மட்டும் விரிந்துபோயின, மற்றவை இன்னும் புதுசாக இருக்கின்றன. கட்டாயம் அது வேண்டும் என்றால் ஒவ்வொரு வாயில் சதுரத்துக்கும் அடியில் இன்னொரு சதுரம் மெல்லிய மல் துணி கொடுத்து, இரண்டையும் ஒன்றாகவே பிடித்துத் தையுங்கள்.

அப்புறம், பழைய புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள். இழை விலகி வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிற இடம் ஓய்ந்துபோன இடம். தோளில் பின் குத்திய இடமும் காலில் தட்டுகிற கரைப் பக்கமும் முதலில் போகும். இடுப்பில் உள்ளே சுற்றுகிற பக்கத்தில் பெரும்பாலும் நிறமும் பலமும் நன்றாக இருக்கும், அங்கிருந்து எடுங்கள்.

சாயமும் பாருங்கள், முக்கியமாக அந்த அரக்கு. ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் சாயம் விடும் என்று அர்த்தம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று என்னிடமும் சொன்னார்கள், நம்பித்தான் தைத்தேன், முதல் துவைப்பிலேயே சந்தன நிறத் துண்டுகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. தண்ணீர் தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்ப அலசுவது ஒன்றுதான் வழி, அப்படியும் நிற்காத துணியைச் சேர்க்காதீர்கள்.

நூல்கண்டு:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படம் எடுத்துப் பார்த்தேன். அரக்கு, கரும்பச்சை, நீலம், கத்தரிப்பூ நாலும் ஒரே கறுப்பு! கடுகு மஞ்சள் நடுவில் நிற்கிறது. வெளிர் என்று சொல்ல கைத்தறியும் வாயிலும் மட்டும்தான், வாயிலை எடுத்துவிட்டால் ஒன்றே ஒன்று. அரக்கு நாலாவது அலசலில் தெளிந்துவிட்டது. வெளிருக்கு என்ன செய்வது? கடையில் புதுத் துணி வாங்கிக் கலக்கலாமா?

தையல்பெட்டி:
வீட்டில் பழைய நாலு முழ வேட்டி இருக்குமே? அதை எடுங்கள். கைத்தறிச் சதுரமும் வேட்டிச் சதுரமும் மாறி மாறி வந்தால் வெளிர்ப் பக்கம் வெறும் வெள்ளையாக இல்லாமல் மூச்சு விடும். வேட்டி இல்லையென்றால் காடாத் துணி வாங்கலாம், ஆனால் அதை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை வெந்நீரில் போட்டுக் காயவையுங்கள், நன்றாகச் சுருங்கும். பழைய புடவை ஏற்கெனவே சுருங்கி முடித்தது, புதுசு இனிமேல்தான் சுருங்கும், இரண்டையும் அப்படியே சேர்த்தால் போர்வை அலை அலையாக எழும்பிவிடும்.

டிசைன் இப்போது தானாக வருகிறது பாருங்கள். ஒரு சதுரம் அடர், ஒரு சதுரம் வெளிர், சதுரங்கப் பலகை மாதிரி. 158 அடர், 157 வெளிர். அடர் சதுரங்கள் மூலையோடு மூலை தொட்டுச் சாய்வாக ஓடும் இல்லையா, அந்தச் சாய்வு வரிசை ஒவ்வொன்றையும் ஒரே புடவையில் கொடுங்கள். ஒரு சாய்வு அரக்கு, அடுத்தது நீலம், அடுத்தது கடுகு மஞ்சள், இப்படி. வெட்டியது எல்லாம் சதுரம்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சாய்ந்த பட்டைகள் ஓடுவது போலத் தெரியும். கடுகு மஞ்சளையும் சேர்த்து அடர் ஐந்து புடவையிலும் 32 சதுரம் வீதம் எடுத்தால் போதும், அதாவது அரை மீட்டர். சாய்வு வரிசைகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பதால் ஒவ்வொன்றிலும் நாலைந்து கூடுதலாக வெட்டி வையுங்கள்.

அளவுக்கு அட்டை வேண்டாம், பத்துத் தடவை வரைந்தால் ஓரம் தேய்ந்துவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் நாலரை அங்குலம் வெட்டிக்கொள்ளுங்கள். தையலும் சரியாகக் கால் அங்குலத்தில் இருக்க வேண்டும். பிளவுஸ் தைக்கிற கை தாராளமாகப் பிடிக்கும், ஒரு தையலுக்கு இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதலாகப் போனாலும் 15 சதுரத்துக்கு 14 தையல், 14 நூல், ஒன்றே முக்கால் அங்குலம் காணாமல் போய்விடும். இஸ்திரி போடும்போது தையல் மடிப்பை எப்போதும் அடர் பக்கமே படுக்கவையுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த வரிசையின் மடிப்பு தானாக எதிர்ப்பக்கம் வரும், மூலைகள் ஒன்றில் ஒன்று பொருந்தி உட்காரும்.

வடக்கு கர்நாடகா:
நான் இருப்பது கர்நாடகாவில் ஹலியால் பக்கம். இங்கே சித்தி (Siddi) என்கிற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள், அதில் தாளும் கிடையாது, அளவெடுத்த சதுரமும் கிடையாது. அடியில் ஒரு புடவையை விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்து ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வந்து முடிப்பார்கள். துண்டு ஒட்டுவதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே தையல். மூலைகளில் துணியை மடித்து முக்கோணப் பூ வைக்காவிட்டால் போர்வை நிறைவாகாது என்பார்கள். மிச்சத் துண்டுகளில் இது மாதிரி ஒரு சின்னது தைத்துப் பாருங்கள், கணக்குப் பார்க்காமல் கை போகிற போக்கில் நிறம் வைக்கப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நடுவில் பஞ்சு வேண்டாம். விடுதியில் அந்தப் பெண் வாளியில்தான் துவைக்க வேண்டும், பஞ்சு வைத்தது நனைந்தால் தூக்கவே முடியாது. அந்த வாயில் புடவையை இரண்டு துண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்து நடுவில் வையுங்கள். நடுவில் இருப்பதற்கு இழுப்பு வராது, இதமாகவும் இருக்கும். கோவைக் குளிருக்கு அது தாராளம்.

நூல்கண்டு:
வாயிலை நடுவில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மனசு லேசாகிவிட்டது. அடிப்பக்கத்துக்கு நீலச் சுங்குடியின் மிச்சத்தை எடுக்கிறேன். அரை மீட்டர் போனாலும் 90 அங்குலத்தில் இரண்டு துண்டு கிடைக்கிறது, பக்கவாட்டில் இணைத்தால் அகலம் போதும்.

நேற்று இரவு கொஞ்சம் சதுரங்களை வெட்டித் தரையில் அடுக்கினோம். அப்பாயி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடுகு மஞ்சள் ஓரத்துக்கு வேண்டாம், தலைமாட்டுப் பக்கம் வரட்டும், ராத்திரி பிள்ளை எழுந்தால் எது தலைப்பக்கம் என்று தெரியும் என்றார். அப்படியே மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், ஓரப்பட்டிக்கு கண்டாங்கிக் கரையையே வைக்கலாமா?

சுங்குடிக்காரி:
வைக்கலாம், ஜரிகை இல்லாத கரையாக இருந்தால். ஜரிகை கழுத்தில் உரசும். சுற்றளவு 288 அங்குலம், மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்து 300 எடுங்கள். அதற்கு முன்னால் மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே நோக்கி நீளமான ஓட்டத் தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள், ஒரு கை அகலத்துக்கு ஒரு வரிசை. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும்.