சென்னை – கோடியக்கரை – தனுஷ்கோடி: ஜனவரியில் நாலு நாள் போதுமா?

நண்டுப்பிடி:
ஐந்து பேர், ஒரு கார். பொங்கல் கழிந்ததும் சென்னையிலிருந்து கிளம்பிக் கடலோரமாகவே தனுஷ்கோடி வரை போய்வருவதாக இருக்கிறோம். கையில் நாலு நாள். பிச்சாவரம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, மனோரா, காரங்காடு, தனுஷ்கோடி என்று பட்டியல் நீள்கிறது. எங்களில் ஒருவன் பறவைப் பைத்தியம். இன்னொருவன் ஆவுளியாவை, அதாவது கடல்பசுவைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று சபதம் போட்டிருக்கிறான். மற்ற மூவருக்கும் கடல் தெரிந்தால் போதும். எதை வெட்டலாம்?

மூணாங்கியர்:
அந்த மூன்று பேரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர்தான், பெரும்பாலான தூரம் கடல் கண்ணில் படாது. சவுக்குத் தோப்பு, ஊர், மறுபடியும் சவுக்கு. மரக்காணம் உப்பளங்களில் மட்டும் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள்.

பழைய பைனாகுலர்:
தம்பி, பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். 2020 ஜனவரியில் நாங்கள் நாலு பேர் இதே வழியில் இதே மாதிரிப் பட்டியலோடு போனோம். முதல் இரண்டு நாளில் ஐந்து இடம். எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் கார்க்கதவு சாத்தும் சத்தம்தான்.

மூன்றாம் நாள் காலை வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் நின்றோம். பூநாரைகள் வெகு தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடாகத் தெரிந்தன. கொஞ்சம் கிட்டே போகலாமே என்று கரையைவிட்டு வண்டியை இறக்கியது நான்தான். மேலே வெடித்துக் காய்ந்த மண், பார்க்கக் கெட்டியாக இருந்தது. இருபதடி போனதும் முன்சக்கரம் இரண்டும் பாதி உள்ளே. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கறுப்புச் சேறு கண்ணாடி வரை தெறித்தது, அழுகிய முட்டை நாற்றம் வேறு. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இன்ஜினை அணைங்க, பலகை கொண்டாரச் சொல்றேன்" என்று போனார். அவர் திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆனது.

அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் பயணமே. பேசிப் பேசி அலுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டோம். சத்தம் அடங்கியதும் அந்தக் கோடு மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்தது. நூறு பறவையாவது இருக்கும். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே வந்தன. பூநாரை அலகால் தண்ணீரை வடிகட்டித்தான் இரை எடுக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சளசளப்பு காதில் விழும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எங்களில் ஒருவன் தும்மினான். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தூக்கியது.

அதன்பிறகு தனுஷ்கோடியை விட்டுவிட்டு இன்னொரு இரவு வேதாரண்யத்திலேயே தங்கினோம். மறுநாள் விடிந்தும் விடியாமலும் கோடியக்கரை சரணாலயத்தின் புல்வெளி. 1967இல் வெளிமானுக்காகவே ஏற்படுத்திய சரணாலயம் அது. ஆண் கறுப்பு, திருகு கொம்பு. பெண்ணும் குட்டியும் மண் நிறம். நிழலில்லாத வெளியில் நிற்பதுதான் அதற்குப் பிடிக்கும். சீமைக்கருவேலம் புல்வெளியை அடைத்துக்கொண்டு வருவது அதனால்தான் பெரிய தலைவலி. பக்கத்திலேயே காட்டுக்குதிரைகள் வேறு அதே புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. கஜா புயல் அடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் காட்டுக்குள் சாய்ந்த மரங்கள் கிடந்தன.

ஆகவே என் கணக்கு: ஒரு இரவு பிச்சாவரம் பக்கம், இரண்டு இரவு வேதாரண்யம். தனுஷ்கோடிக்கு இன்னொரு முறை போய்க்கொள்ளலாம். வண்டியைக் கரையைவிட்டு இறக்காதீர்கள்.

நண்டுப்பிடி:
அண்ணே, சேற்றுக் கதையைப் படித்ததும் கார் சொந்தக்காரன் முகம் மாறிவிட்டது. ஆனால் தனுஷ்கோடியை விட்டால் கடல் கேட்ட மூன்று பேரும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆவுளியாக்காரனுக்கு என்ன சொல்வது?

ஓதம்:
ஆவுளியாக்காரனுக்கு ஆறுதல்தான் சொல்ல முடியும். எங்கள் வீடு பாக் விரிகுடா ஓரம்தான், இத்தனை வருஷத்தில் உயிரோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அது கடலடியில் கடற்புல் மேய்கிற பிராணி. மூச்சுவிட மேலே வந்தாலும் மூக்கு மட்டும் எட்டிப்பார்த்துவிட்டு மறையும். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று 2022இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். மனோராவில் நின்று அந்தக் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போடச் சொல்லுங்கள்.

தனுஷ்கோடி விஷயத்தில் பைனாகுலர் அண்ணனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனைச் சாலையில்தான் இரண்டு பக்கமும் கடல், மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். இந்த மாதங்களில் சாலையோர ஆழமில்லாத தண்ணீரில் பூநாரையும் இறங்கும். முத்துப்பேட்டையும் காரங்காடும் பிச்சாவரம் மாதிரியே அலையாத்திக் காடுதான், இரண்டையும் வெட்டுங்கள். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டால் இந்த முறைக்குப் போதும்.

அங்கே படகில் போகும்போது கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள். தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, பார்வைக்கே ஆபத்து.

நண்டுப்பிடி:
சரி, பிச்சாவரம் ஒன்று, வேதாரண்யம் இரண்டு, ராமேசுவரம் ஒன்று. லீவை ஒரு நாள் நீட்டிக் கேட்டிருக்கிறேன். தும்முகிறவனைப் பின்சீட்டில் போடுகிறோம்.