தண்ணீர், கரண்ட், கேஸ்: உங்கள் வீட்டில் உண்மையிலேயே எது குறைந்தது?

மொட்டைமாடி (மடிப்பாக்கம்)

2019 ஜூன் மாதம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் தரை வெடித்துக் கிடந்தன. எங்கள் அடுக்ககத்து ஆழ்துளைக் கிணறு ஒரு வாரம் இருமிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. 12 வீடுகளுக்கு மூன்று நாளைக்கு ஒரு 9,000 லிட்டர் லாரி, அதுவும் நள்ளிரவில் வரும். வந்தால்தான் உண்டு. செயலாளர் கணக்குப் போட்டு மின்தூக்கி அருகே ஒட்டினார்: வீட்டுக்கு ஒரு நாளைக்கு 250 லிட்டர். என் மனைவி அதைக் குடக் கணக்காக மாற்றினாள். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்றால் பதினாறு குடமும் கொஞ்சமும். நாங்கள் நான்கு பேர்.

அதுவரை எங்களுக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது, அவ்வளவுதான். குடமாகப் பார்த்த பிறகுதான் துணி துவைக்கும் இயந்திரம் ஒரு தடவைக்கு எட்டுக் குடம் குடிக்கிறது என்று தெரிந்தது. பாதி நாள் அதற்கே போய்விடும்! அந்தக் கோடை முழுவதும் ஞாயிறன்று ஒரே ஒரு தடவைதான் அது ஓடியது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டினோம். எங்கள் தெருவுக்கு அதில் ஒரு சொட்டும் வரவில்லை, ஆனாலும் கைதட்டினோம்.

மழை வந்தது. ஷவரை ஒரே வாரத்தில் திறந்துவிட்டோம், ஒளிப்பானேன். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரை வாளியில் பிடிப்பது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. ஒரு குடம் குடிநீருக்கு எங்கள் இயந்திரம் மூன்று குடம் கழிக்கிறது. தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற அது போதும். செடிக்கு ஊற்றினோம், துளசி கருகியது. அதில் உப்பு அதிகம்.

உங்கள் வீட்டில் எது நின்றது, எது நழுவியது? அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை (முதுகுளத்தூர், இப்போது கோவை)

சென்னைக்காரர்களுக்கு அது ஓர் ஆண்டு. எங்களுக்கு அது ஒவ்வோர் ஆண்டும் வரும் பங்குனி.

கண்மாய் வற்றியதும் அதன் மணலில் ஊற்றுத் தோண்டுவோம். சிரட்டையால் வழித்து வழித்து ஒரு குடம் நிரம்ப அரைமணி நேரம் ஆகும். மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி அம்மா முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ளுவேன். காய் கழுவிய நீர் பாத்திரத்துக்குப் போகும், பாத்திரம் அலசியது முருங்கைக்கு, அரிசி களைந்தது மாட்டுக்கு. இதற்குச் சிக்கனம் என்று எங்கள் வீட்டில் யாரும் பெயர் வைக்கவில்லை.

கல்யாணமாகிக் கோவைக்கு வந்தேன். சிறுவாணித் தண்ணீர்! முதல் நாள் காலை அத்தை குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் மூடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திறந்தார். நான் மறுபடி மூடினேன். புது மருமகள் செய்யக்கூடாத வேலைதான், ஆனால் கை கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு சொம்பை எடுத்துவந்து குழாயடியில் வைத்தார். கோபமா, சம்மதமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. சொம்பு அங்கேயே இருக்கிறது.

பழைய பேரேடு (திருச்சி)

நான் ஓய்வு பெற்ற கணக்காளன். எனக்கு மின்சாரக் கதைதான் தெரியும்.

2022 செப்டம்பரில் கட்டணம் மாறுவதற்கு முன் ஒரு விசித்திரம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு விலை, அதைத் தாண்டினால் 101ஆவது யூனிட்டிலிருந்தே வேறு விலை. 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய் கட்டியவர் 501 ஆனால் 1,786 கட்ட வேண்டும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய்! நாங்கள் எப்போதும் 540 பக்கம் போய் நிற்போம்.

2021இல் மின்வாரியக்காரர் அளவு எழுதிப் போகும் வெள்ளை அட்டையை நம்பாமல் வாரம் ஒருமுறை மீட்டரை நானே எழுத ஆரம்பித்தேன். குற்றவாளி ஏ.சி. என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டு ஏ.சி. ஓடுவது இரண்டரை மாதம்தான். ஆண்டு முழுவதும் ஓடுவது மின்விசிறி. கூடத்திலும் படுக்கையறையிலும் இரண்டு பழைய விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட், நாளுக்குப் பதினைந்து மணி நேரம். 60 நாளைக்குப் பெருக்கினால் 135 யூனிட். இரண்டையும் கழற்றிவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினேன். 54 யூனிட் ஆனது. அடுத்த பில் 460 யூனிட்டுக்குள் அடங்கியது. 2,044 ரூபாய் கட்டிய இடத்தில் 1,010. விசிறிக்குப் போட்ட ஆறாயிரம் ஓராண்டில் திரும்பிவிட்டது.

2022இல் வந்த கட்டணத்தில் அந்தப் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை, அதனால் லாபமும் இவ்வளவு கண்ணைப் பறிக்காது. இருந்தாலும் ஞாயிறு காலை மீட்டர் எழுதாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது.

ஒரு தோல்வியும் உண்டு. மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தோம். மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு நீளமான குழாய். வெந்நீர் வந்து சேர்வதற்குள் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர் வெளியேறும். கரண்டை மிச்சம் பிடித்துத் தண்ணீரைக் கொட்டினோம். இப்போது அந்த முதல் வாளியில் என் மனைவி துணி ஊறவைக்கிறார்.

மூத்த மருமகள்

எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், அண்ணா (மொட்டைமாடியைத்தான்): அந்த இயந்திரம் வாரம் ஒருமுறைதான் ஓடியது என்றால், மற்ற நாள் துணியை யார் கையால் துவைத்தது? ஆர்.ஓ. வாளியை யார் தூக்குவது?

எங்கள் வீட்டில் சிக்கனம் பேசுவது மாமா. வாளி தூக்குவது நான். பாத்திரத்தை நீரில் ஊறவைத்து ஒரே தடவையாக அலசினால் பாதித் தண்ணீர் போதும் என்று செய்தித்தாளில் படித்துச் சொன்னார். சரிதான். ஆனால் மூன்று வேளைப் பாத்திரத்தையும் இரவு பத்து மணிக்குச் சேர்த்து அலசும் இடுப்பு அவருடையது இல்லை. ஒருநாள் சொல்லிவிட்டேன்: "மாமா, இனிமேல் வாளி உங்கள் கணக்கு." அவருக்கு முகம் சுருங்கிப்போனது. இரண்டு நாள் கழித்து பிளம்பரைக் கூட்டிவந்து ஆர்.ஓ. கழிவுக் குழாயை நேராகப் பின்கட்டுத் தொட்டிக்கு இழுத்துவிட்டார். முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இத்தனை வருடம் அது யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் தூக்கியது நான்.

மொட்டைமாடி (மடிப்பாக்கம்)

கையால் துவைத்தது என் மனைவிதான், தங்கச்சி. மேலே நான் அதை எழுதவே இல்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன். அவளிடம் உங்கள் பதிவைக் காட்டினேன். சிரித்தாள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒற்றை அடுப்பு (நாகர்கோவில்)

தனியாக இருக்கிறேன், சிறிய கதை. கொண்டைக்கடலை, பயறு எதையும் முந்தின இரவே ஊறப்போடுவேன். குக்கர் சத்தமிட்டதும் தீயைச் சின்னதாக்கி, கொஞ்சம் முன்னதாகவே அணைத்துவிடுவேன். மீதியை உள்ளிருக்கும் ஆவி பார்த்துக்கொள்ளும். சிலிண்டர் வாங்கிய தேதியைச் சுவரில் எழுதுகிறேன். முன்பு நான்கு மாதம் வந்தது, இப்போது ஐந்து தாண்டுகிறது.

ஏ.சி.யில் சொட்டும் நீரைப் பிடித்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்கிறார்களே, யாராவது செய்ததுண்டா?

பழைய பேரேடு (திருச்சி)

செய்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன். அது ஆவி குளிர்ந்த நீர்தான், ஆனால் ஏ.சி.யின் உள்ளே இருக்கும் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. என் பேட்டரி சீக்கிரமே செத்தது. அது இதனால்தானா என்று பழுது பார்த்தவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை; நான் மறுபடி சோதிக்கவும் தயாரில்லை. காய்ச்சி வடித்த நீரைக் கடையில் வாங்குங்கள். ஏ.சி. நீரில் ஜன்னல் துடையுங்கள்.

கண்மாய்க்கரை

ஒன்று விட்டுப்போனது. கழிவறைத் தொட்டி ஓசையில்லாமல் ஒழுகும், நமக்குத் தெரியவே தெரியாது. இரவு படுக்கும் முன் அதில் ஒரு கரண்டி மஞ்சள்தூள் கலந்துவிட்டு, காலையில் யாரும் தண்ணீர் இழுத்துவிடும் முன் கோப்பையைப் பாருங்கள்.

மொட்டைமாடி (மடிப்பாக்கம்)

நேற்று இரவு போட்டேன். காலையில் கோப்பை முழுக்க மஞ்சள். 2019இல் குடம் குடமாக எண்ணிய வீட்டில் இது எத்தனை மாதமாக ஓடுகிறதோ. பிளம்பர் பதினோரு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அந்தக் குழாயைத் திருகி அடைத்து வைத்திருக்கிறேன். வாளி தூக்குவது இன்று நான்தான்.