வாவிக் கரையில் வெள்ளியைத் தின்னும் கந்தகம்

கல்லடியில் ஒருபுறம் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி. இங்கே மின்னணுச் சாதனங்களைத் திருத்தும் என்னிடம் பழுதான மின்சுற்றுப் பலகையோடு வருவோர் பெரும்பாலும் "உப்புக் காத்துத் திண்டுட்டுது" என்றே சொல்வார்கள். வெள்ளி கெடுவதற்கு உப்பைவிடக் கந்தகமே பெரிய காரணம் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

வாவியோரத்து வீடொன்றிலிருந்து வந்த இன்வேர்ட்டரின் பலகையில் துருவோ பச்சைப் படிவோ தென்படவில்லை. ஆயினும் 10 கிலோ ஓம் காட்டவேண்டிய சிறு தடையி (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் உறுப்பு) ஒன்று மல்ரிமீற்றரில் முற்றாக அறுந்ததாகக் காட்டியது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, அதன் மேற்பூச்சும் முனைப்பூச்சும் சந்திக்கும் விளிம்பில் கரிய படிகங்கள் ஊசிகளாக நீட்டிக்கொண்டிருந்தன. அவை வெள்ளிச் சல்பைட்டு. இத்தகைய தடையிகளின் உள்முனை பெரும்பாலும் வெள்ளியால் ஆனது. கண்டல் வேரடிச் சேற்றில், காற்றுப் புகாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து உண்டாக்கும் ஐதரசன் சல்பைட்டு, அந்த விளிம்பின் நுண்ணிய இடுக்கால் உட்புகுந்து, வெள்ளியைச் சிறுகச் சிறுகச் சல்பைட்டாக்கி, கடைசியில் மின்பாதையையே துண்டித்துவிடுகிறது.

ஆகவே வாவிப் பக்கத்திலிருந்து எவர் வந்தாலும், "அலுமாரியில வச்ச கொலுசும் கறுக்குதா?" என்று முதலில் கேட்கிறேன். ஓம் என்றால், வெள்ளி இருக்கும் தடையிகளிலும் ரிலேக்கள் எனும் மின்னால் இயங்கும் ஆளிகளிலும் சோதனையைத் தொடங்குவேன். மின்னணுச் சாதனங்கள் இருக்கும் இடத்துக் காற்றை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஏ. 71.04 என்னும் தரமும் இதையே அளந்து செய்கிறது: தொங்கவிட்ட வெள்ளித் தகட்டில் மாதத்துக்கு 20 நனோமீற்றருக்குக் குறைவாகப் படலம் வளர்ந்தால்தான், வெள்ளியைப் பொறுத்தவரை, அந்தக் காற்றைத் தீங்கு குறைந்த வகையில் சேர்க்கிறது.

பொன்முலாம் பூசிய இணைப்புகளில்தான் உப்பின் வேலை தெரியும். பொன் தானாக அரிபடாது. ஆனால் பூச்சு பெரும்பாலும் 1 மைக்ரோமீற்றருக்கும் மெல்லியது. அதன் நுண்துளைகளால் இறங்கும் உப்பீரம் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. பொன் அருகிலிருப்பதே அந்த அரிப்பை விரைவுபடுத்தும். கணினி நினைவகப் பலகையின் பொன்முனைகளை அழிறப்பரால் தேய்ப்பவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது, ஏனெனில் இருக்கும் கொஞ்சப் பொன்னும் அதோடு போய்விடும். ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பஞ்சும் போதும். பலகைகளை இறப்பர் பட்டியால் கட்டி வைப்பதையும் தவிருங்கள். இறப்பரிலும் கந்தகம் உண்டு.

அந்த இன்வேர்ட்டருக்குக் கந்தகத்தைத் தாங்கும் வகைத் தடையியை இட்டு, பலகைக்கு அக்ரிலிக் பூச்சுக் கொடுத்தேன். சிலிக்கோன் பூச்சு கந்தக வாயுவைத் தன்னூடே எளிதில் செல்லவிடும் என்பதால், வாவியோர வீடுகளுக்குரிய பலகைகளில் அதை நான் பயன்படுத்துவதில்லை.