மாலையில் சார்ஜ் பாதியில் நிற்கிறது: த்ரீ ஃபேஸ் எடுத்தால் சரிவருமா?

இடம் கொக்குவில். கார் 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 கிலோவாட் மணி பற்றரி. வீட்டில் சிங்கிள் ஃபேஸ் 30 அம்பியர் இணைப்பு, அதாவது ஒரு லைவ் வயர்தான்; த்ரீ ஃபேஸ் என்றால் மூன்று வரும். 2 மாதமாக, மாலை 6.30க்குப் பிறகு செருகினால் 20 நிமிடத்துக்குள் சார்ஜரில் சிவப்பு லைட் எரிந்து நின்றுவிடுகிறது. விடிய 4 மணிக்குச் செருகினால் ஒரு பிரச்சினையும் இல்லை.

முதலில் பிளக்கைத்தான் சந்தேகித்தேன். 13 அம்பியர் பிளக்கைக் கழற்றினால், லைவ் பின் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. மணிக்கணக்காகச் சுமை இழுக்க அது தாங்காது. அப்படிப் பாவிப்பவர்கள் இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். சரி என்று 6 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைன், தனி பிரேக்கர், புது எர்த் எல்லாம் போட்டேன். அப்படியும் நிற்கிறது.

அப்புறம் மீற்றரடியிலேயே அளந்தேன். சும்மா இருக்கும்போது 208 வோல்ட், 16 அம்பியர் இழுக்கும்போது 187. ஆக, வோல்ட்டேஜ் இப்படி விழுவதால்தான் சார்ஜர் நிற்கிறது போல; குறை வீட்டு வயரிங்கில் இல்லை, வெளி லைனில். ட்ரான்ஸ்போமரிலிருந்து வரும் லைனில் எங்களுடையது கடைசிக் கம்பம். முறைப்பாடு கொடுத்து 5 வாரம். 8 அம்பியருக்குக் குறைத்தால் ஓடுகிறது, ஆனால் விடியும்போது பாதிதான் ஏறியிருக்கும். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகும் நாளில் அது பெரிய பயம்.

கடைசிக் கம்பத்தில் இருந்து த்ரீ ஃபேஸுக்கு மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: மாலை வோல்ட்டேஜ் உண்மையாகவே கூடியதா?