வாய்க்கால்கரைத் தெரு குழு

வியாழன், இரவு 8:12

டீக்கடை மாமா: 📷 படம்
டீக்கடை மாமா: பெரியப்பா போர்செட்டுக் கேபிளை அறுத்தது இந்த ரெண்டு பயலுவதான். எல்லா குரூப்புக்கும் தள்ளி விடுங்க

டீச்சர் அக்கா: மாமா, முதல்ல போட்டோவ எடுங்க. ஒருத்தனுக்கு 16, ஒருத்தனுக்கு 17. கேஸுன்னு ஆயிட்டா 18 ஆகாத புள்ளைங்க முகம், பேரு, பள்ளிக்கூடம் எதுவும் வெளிய வரக்கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு

டீக்கடை மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது
டீக்கடை மாமா: எடுத்தாச்சு தாயி. ஒரு ராத்திரி லாக்கப்புல கெடந்தா புத்தி வரும்

டீச்சர் அக்கா: அதுவும் முடியாது. 24 மணி நேரத்துல இளைஞர் நீதிக் குழுமத்துக்கிட்ட கொண்டு போகணும். ஒரு மாஜிஸ்திரேட், ரெண்டு சமூக சேவகர், அதுல ஒருத்தராவது பெண். சின்னத் திருட்டுக்கு எஃப்ஐஆரே கிடையாது, ஸ்டேஷன் டைரில எழுதுவாங்க. பெரியப்பா, புகார் கொடுக்குறது உங்க உரிமை. நான் தடுக்கல

பெரியப்பா: 40 மீட்டர். 6200 ரூவா. நாத்தங்கால்ல ஒரு மூலை பழுத்துப் போச்சு. 12ஆம் தேதி மேட்டூர் தொறந்தும் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்தபாடில்ல

சித்தப்பா: பஞ்சாயத்தக் கூட்டுவோம். கால்ல விழச் சொல்லி அபராதம் போட்டா தீந்துச்சு

டீச்சர் அக்கா: அதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க சித்தப்பா. நாலு பேரு பேசுவீங்க, பய தலையத் தொங்கப் போட்டு நிப்பான், பெரியப்பா வாயே தொறக்க மாட்டாங்க. எந்தத் தெருப் பயன்னு பாத்து அபராதம் ஏறும், எறங்கும். அதுவும் நமக்குத் தெரிஞ்சதுதானே

தம்பி: அக்கா, நீங்க சனிக்கிழமையில பசங்களோட உக்காந்து பேசுவீங்களே, அதுவா?

டீச்சர் அக்கா: அதேதான். தப்பு பண்ணவனும் நஷ்டப்பட்டவங்களும் நேருக்கு நேர் உக்காந்து பேசுறது. நாலு வருசமா போறேன், சம்பளம்லாம் இல்ல. கனடாவுல எல்மிரான்னு ஒரு ஊரு. 1974ல ரெண்டு பசங்க ஒரே ராத்திரில 22 பேரு சொத்த நாசம் பண்ணிட்டானுங்க. வீடு வீடா கூட்டிட்டுப் போயி அவங்கவங்க முகத்தப் பாத்துப் பேச வச்சாங்க, நஷ்டத்தையும் கட்ட வச்சாங்க. நியூசிலாந்துல 1989லேர்ந்து குடும்பத்தோட உக்காந்து பேசுறது சட்டமாவே இருக்கு

டீக்கடை மாமா: கனடாக்காரன் கேபிள் வாங்கித் தருவானா 😄

பெரியப்பா: நான் உக்காருறேன். ஒண்ணு கேக்கணும் அவனுவள

ஞாயிறு, காலை 7:40

தம்பி: நேத்து என்னாச்சு?

டீச்சர் அக்கா: முதல்நாளே மூணு வீட்டுக்கும் தனித்தனியா போயிட்டு வந்தேன். யாராவது ஒருத்தர் மாட்டேன்னாலும் விட்டுருப்பேன். பெரியப்பா திண்ணையில எட்டு பேரு. யாருக்கும் நாற்காலி இல்ல, எல்லாருக்கும் பாய். பெரியப்பா அறுந்த முனைய நடுவுல வச்சுட்டு, “பத்து போர்செட்டு இருக்கு, என்னுத ஏன்டா?”ன்னாங்க. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. பெரியவன் சொன்னான், “நீங்க ராத்திரில வரமாட்டீங்க, கண்ணு தெரியாதுன்னு தெரியும்.” பெரியப்பா எழுந்து உள்ள போயிட்டாங்க. முடிஞ்சதுன்னுதான் நெனச்சேன்

பெரியப்பா: தண்ணி குடிக்கப் போனேன்

டீச்சர் அக்கா: 😊 சரி பெரியப்பா. தோலை எரிச்சு செம்ப 1500க்குப் போட்டிருக்கானுவ. அத நேத்தே அவன் அம்மா கொண்டு வந்து வச்சுட்டாங்க. மிச்சம் 4700, மாசம் 500ன்னு பசங்களே சொன்னானுங்க. இன்னைக்கு எலக்ட்ரீஷியனுக்குக் கூட நிக்கணும். எழுதிக் கையெழுத்தும் ஆச்சு

சித்தப்பா: வந்தானுவளா?

பெரியப்பா: பெரியவன் ஆறு மணிக்கே வந்துட்டான். சின்னவனக் காணும்

டீக்கடை மாமா: நான்தான் சொன்னேனே

டீச்சர் அக்கா: இருங்க மாமா. அவன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். போட்டோவ எத்தன குரூப்புல போட்டீங்க? அவன் அக்கா போனுக்கே வந்திருக்கு. வெளிய வரமாட்டேங்குறான்

டீக்கடை மாமா: ரெண்டுல

டீக்கடை மாமா: மூணுல. எடுத்துடுறேன்

பெரியப்பா: எலக்ட்ரீஷியன் 2.5 ஸ்கொயர் எம்எம் கேபிளே போதும்ங்கிறாரு. முன்ன இருந்தது 4. யாராவது கடைக்குப் போறவங்க 4 வாங்கிட்டு வாங்கப்பா

டீக்கடை மாமா: நான் போறேன். போற வழியில அந்தச் சின்னப் பயலையும் பாத்துட்டு வரேன்