அக்கி (ஷிங்கிள்ஸ்): காவிமண்ணால் எழுதினால் ஆறுமா, மாத்திரை வேண்டுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மருந்தாளுநர், தக்கலை:
அக்கி வந்தவர்கள் பெரும்பாலும் நாலாம் நாள், அஞ்சாம் நாள்தான் கடைக்கு வருவார்கள். விலாவில் காவிமண் காய்ந்து வெடித்திருக்கும். "மூணு நாள் எழுதியாச்சு, எரிச்சல் மட்டும் அடங்கல்ல, ஒரு ஆயின்மென்ட் தாங்க." கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் வைரஸை அடக்கும் மாத்திரை முழுப் பலன் தரும். மண் எழுதுவதில் போவது அதே மூன்று நாள். எழுதினால் வற்றுகிறதே என்பார்கள். ஒன்றும் பூசாவிட்டாலும் 7 முதல் 10 நாளில் அது பொருக்குத் தட்டும், அதுதான் அக்கியின் போக்கு.

ஆயின்மென்ட்டும் வீண். சின்ன வயதில் அம்மை போட்டபோது நரம்பு முடிச்சில் ஒளிந்த வைரஸ்தான் இப்போது நரம்பு வழியே இறங்குகிறது. தோல்மேல் தடவுவது அங்கே எட்டாது.

டாக்டர் சீட்டில் வழக்கமாக வருவது அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 தடவை, 7 நாள், மொத்தம் 35 மாத்திரை. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஐந்து வேளை மறந்துபோகும் ஆளுக்கு வாலசைக்ளோவிர் 1 கிராம், 3 வேளை, 21 மாத்திரை. அடிக்கடி நடக்கும் தப்பு: உதட்டுக் கொப்புளத்துக்கு எழுதின பழைய சீட்டைக் காட்டி 200 மி.கி. வாங்குவது. அந்த அளவு அக்கிக்குக் காணாது.

செவிலியர், குலசேகரம்:
அண்ணன் சொன்ன 72 மணி நேரம் கைவிட்டுப் போக இன்னொரு காரணமும் உண்டு. கொப்புளத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே வலி வந்துவிடும். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள். பிறகு கொப்புளம் கிளம்பினால் தைலம் பொத்துப்போச்சு என்று நினைப்பார்கள். அதற்காக, நெஞ்சு வலிக்கும்போது அக்கியாக இருக்கும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், முதலில் ஈசிஜி எடுங்கள்.

மழைக்காலத்தில் ஆசிட் பூச்சி பட்டதும் அக்கிபோலவே இருக்கும். பூச்சி என்றால் காலையில் எழும்பும்போது கோடு இழுத்ததுபோல் வெந்திருக்கும், முன்வலி கிடையாது, முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் ரெண்டு பக்கமும் அச்சுப்போல் பதியும். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், நடுக்கோட்டைத் தாண்டாது. உடம்பு முழுக்கச் சிதறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கொப்புளத்தைக் குத்தாதீர்கள். பச்சைத்தண்ணீர், சாதாரண சோப்பு போதும். ஒட்டாத காஸ் வைத்துத் தளர்வான பருத்தித் துணியால் மூடுங்கள். மண் காய்ந்து உரியும்போது கொப்புளத்தின் தோலும் கூடவே வரும், அதில் சீழ் வைக்கும். கைலி முடிச்சை மறுபக்கம் போடச் சொல்லுங்கள். பொருக்குத் தட்டும்வரை, அம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம். அவர்களுக்குத் தொற்றினால் வருவது அக்கி அல்ல, சின்னம்மை.

கண் பரிசோதகர், மார்த்தாண்டம்:
நெற்றியில் வந்து மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம் இருந்தால் அன்றே கண் டாக்டர். கண் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்தை ஊற்றவே கூடாது. காதுக்குள் கொப்புளமும் முகக் கோணலும் சேர்ந்தால் அதுவும் அவசரம்தான்.

தோல் மருத்துவர், நாகர்கோவில்:
வயதானவருக்கு மாத்திரை எழுதும்போது கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கணும். சிறுநீரகம் பழுதானவருக்கு முழு அளவு கொடுத்தால் ஆள் பிதற்ற ஆரம்பிப்பார், வீட்டில் மூளைக்கோளாறு என்று பயப்படுவார்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கணும். இளவயதில் அக்கி வந்தால் சர்க்கரையும் எச்ஐவியும் பரிசோதிப்பது நல்லது.

புண் ஆறி மூன்று மாதமாகியும் சட்டை உரசினாலே எரிகிறது என்றால் அது நரம்புவலி. பாரசிட்டமால் அதற்கு அவ்வளவாகக் கேட்காது. கேபாபென்டின் இரவு 300 மி.கி. அல்லது அமிட்ரிப்டிலின் 10 மி.கி. என்று தொடங்கி மெல்ல ஏற்றுவோம். தூக்கக் கலக்கத்தில் ராத்திரி கழிவறைக்குப் போய் விழுகிறவர்கள் உண்டு, விளக்கு எரியட்டும்.

தூத்தூர் வாசகர்:
டாக்டர், ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாசம் கழிச்சுத்தான் கரை. கடலில வச்சு வந்தா என்ன செய்ய?

தோல் மருத்துவர், நாகர்கோவில்:
72 மணி நேரம் தாண்டினாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் மாத்திரைக்குப் பலன் உண்டு. கரை சேர்ந்ததும் வந்துவிடுங்கள். 50 தாண்டினவர்கள் அக்கித் தடுப்பூசி போட்டுக்கொள்வது மேல். ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. பெரிய ஆய்வில் 50 வயது தாண்டினவர்களிடம் 97 சதவீதம் தடுத்தது. அரசு தடுப்பூசிப் பட்டியலில் இல்லாததால் கைக்காசுதான், விலையும் கூடுதல். கையில் வலி, காய்ச்சல், அசதி ரெண்டு மூணு நாள் இருக்கும். ஏற்கெனவே அக்கி வந்தவரும் புண் ஆறியபின் போடலாம்.

இரண்டு தவணை, இடைவெளி 2 முதல் 6 மாதம். உங்கள் பக்கம் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31. தடை தொடங்கிய வாரமே முதல் ஊசி போட்டுவிடுங்கள். இரண்டாவதுக்கு டிசம்பர் தொடக்கம்வரை நேரம் இருக்கிறது, இடையில் எந்தக் கரைக்கு வந்தாலும் போட்டுக்கொள்ளலாம்.