புதுப்பிப்பு: கசந்த, ஒரு பக்கமாக எரிந்த ரொபஸ்டோ சுருட்டு சரியானது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்த பிரச்சினை: கியூபா ரொபஸ்டோ என்ற குட்டையான, தடித்த சுருட்டு (124 மி.மீ. நீளம், 50 ரிங், அதாவது சுமார் 20 மி.மீ. தடிமன்) இழுக்க இறுக்கம், பாதியில் கசப்பு, கோணலான எரிதல்.

பலன் தந்தது ஈரத்தைக் குறைக்கச் சொன்ன யோசனைதான். சுருட்டுப் பெட்டிக்குள் ஈரத்தை ஒரே அளவில் வைக்கும் 72 சதவீத ஈரப்பதப் பொதியை எடுத்துவிட்டு 65 வைத்து, மூன்று வாரம் விட்டேன். ஈரம் மிகுந்தால் உள்ளிலை உப்பிப் புகைவழி அடைபடும். அணையாமலிருக்க வேகமாக இழுப்போம், சூடேறிக் கசக்கும். இப்போது நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். தொடக்கத்தில் தேவதாரு வாசம், நடுவில் காபி, வறுத்த கொட்டைச் சுவை. சாம்பல் 2 செ.மீ. வரை உதிராமல் நின்றது.

ஆழமாக வெட்டும் யோசனை உதவவில்லை. வெட்டு தொப்பியை (வாய் வைக்கும் முனையை மூடும் இலைத் துண்டு) தாண்டியதும் மேலிலை பிரிந்துவிட்டது, 2 மி.மீ. போதும்.

எதிர்பாராதது: ஈரம் குறைந்த பிறகும் கோணல் எரிதல் நீங்கவில்லை. பற்றவைக்கும்போது சுருட்டைத் தீ தொடவிடாமல், அடிப்பக்கம் (பற்றவைக்கும் முனை) முழுதும் சிவக்கும்வரை சுற்றிச் சுற்றித் தீயருகே காட்டியதும் நேராக எரிந்தது.